பெற்றுக்கொண்டோம்

நம் பழைய கோப்புகளுள் மஞ்சள் நிறத்தில் ஒரு தாள் உள்ளது. லாரி ரசீதின் மூன்றாம் படி. எழுத்துகள் பெரும்பாலும் மங்கிவிட்டன. அடியிலே ரப்பர் முத்திரையில் "சரக்குகளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்ற வாசகமும், அதன்கீழ் நம் கையொப்பமும் மட்டும் இன்னும் தெளிவாக உள்ளன. இட மாற்றத்தின்போதெல்லாம் கிழித்தெறியலாமா என்று எண்ணுவதும், மறுபடி கோப்பிலேயே வைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கையொப்பத்தின் விலை அறுபத்தெட்டாயிரம் ரூபாய். அதைக் கொடுத்தவர்களோ நாம் அல்லோம்.

2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். குமரிக் கடற்கரையின் ஒரு பங்கில் நாம் பொறுப்பேற்று ஓராண்டு ஆகியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவை போக எஞ்சியவற்றை ஊர் மெல்லமெல்ல ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்த காலம். வள்ளங்கள் வந்துவிட்டன, வலைகள் வந்துவிட்டன, மீனும் வந்தது. வராதது ஐஸ். பக்கத்து ஊர் ஐஸ் கம்பெனியிலிருந்து வியாபாரிதான் ஐஸ் கொண்டுவருவார், கடனாகக் கொடுப்பார், ஐஸைக் கொடுத்தவருக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே. சாளையும் அயிலையும் கரையேறிய சில மணி நேரத்திலேயே கண் வெளுத்துவிடும். பேரம் பேச அவகாசம் வேண்டுமென்றால் மீன் கெடாமல் இருக்க வேண்டும். மீன் கெடாதிருக்க ஐஸ் வேண்டும். எனவே மீனவர் சங்கம் கேட்டது ஒன்றே: நாளொன்றுக்குப் பத்து டன் ஐஸ் கட்டிகள் செய்யும் ஒரு சிறிய ஆலை.

கேட்டதைக் கொடுக்க ஒரு நிவாரண அமைப்பு முன்வந்தது. ஆயின் நிதியாண்டு முடிவதற்குள் பணம் செலவாகியாக வேண்டும் என்பது அவர்கள் விதி. கட்டிடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை; அடித்தளத்துக்குக் குழிகூடத் தோண்டவில்லை. எனினும் இயந்திரங்களுக்கு ஆணை சென்றுவிட்டது. பணத்துக்கு மார்ச்சு மாதம் ஒன்று உண்டு, சிமெண்டுக்கு அது இல்லை. இதைப் போன்று வீடு கட்டுமுன் வந்து சேர்ந்த கட்டில்களை நிவாரணக் காலத்தில் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கிறோம்.

லாரி வந்த நாள் திருவிழாவைப் போலிருந்தது. ஊர் எல்லையிலேயே மாலை போட்டு, வெடி போட்டு அழைத்துவந்தார்கள். அம்மோனியாவை அமுக்கும் கம்ப்ரசரும் அதன் மின்மோட்டாரும் ஒரே இரும்புச் சட்டத்தின்மீது பெரிய மரப் பெட்டிக்குள் இருந்தன. எடை ஏறத்தாழ இரண்டு டன். ஆவியை மீண்டும் திரவமாக்கும் நீண்ட உருளை ஒன்று, திரவத்தைச் சேமிக்கும் கலன், ஐம்பது கிலோ கட்டி பிடிக்கும் துத்தநாகப் பூச்சுத் தகரக் கேன்கள் இருநூறு, தெர்மோகோல் பலகைகள், உப்புநீர்த் தொட்டிக்கென கால்சியம் குளோரைடு மூட்டைகள். கிரேன் கிடையாது. முக்காலி நட்டுச் செயின் பிளாக் மாட்டி இறக்குவதென்று முடிவாயிற்று. வள்ளத்தைக் கரையேற்றிப் பழகிய தோள்கள் அல்லவா? உருளைக் கட்டைகளை அடுக்கி, ஏலேலோ பாடி, அரை மணி நேரத்தில் பெட்டியைத் தென்னந்தோப்பின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அந்தத் திறமையைப் பார்த்து நாம் வியந்து நின்றோம். நீண்ட உருளையைத் தூக்கும்போது கயிற்றை அதற்கென்று பற்றவைக்கப்பட்ட வளையங்களில் மாட்டாமல், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த வால்வின் கழுத்தில் மாட்டியதையும் அதே வியப்போடுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பெட்டியை மந்திரிக்கச் சொன்னார்கள். தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். திறந்து பார்க்காத பெட்டியை மந்திரித்தோம் என்பது அப்போது தோன்றவில்லை.

ஒன்றும் கண்ணில் படவில்லை என்று சொல்வதற்கில்லை. பெட்டியின் கீழ் மூலையில் ஒரு பலகை புதிதாக முறிந்திருந்தது. முறிந்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. பக்கவாட்டில் சிறு வில்லையொன்று ஒட்டியிருந்தது. அதன் நடுவே சிவப்புப் பொட்டு. ஆலையின் சின்னம் போலும் என்று நினைத்துக்கொண்டோம். சரக்கு வழியில் அளவுக்கு மீறிச் சாய்ந்தால் சிவந்து காட்டுவதற்காக ஒட்டப்படும் வில்லை அது என்று பின்னர் அறிந்தபோது, வெட்கத்தை விழுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. சாட்சி பக்கத்திலேயே நின்றிருக்கிறான். அவனை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிட்டோம்.

முறிந்த பலகையை ஓட்டுநரிடம் காட்டினோம். இருபத்தைந்து வயதிருக்கும், நாமக்கல் பக்கத்துப் பிள்ளை. இரண்டு இரவு உறங்காத கண்கள். "சாமி, ரசீதுல ஏதாச்சும் எழுதுனீங்கன்னா எனக்கு வாடகைய நிறுத்திப்புடுவாங்க. உள்ள ஒண்ணும் ஆயிருக்காதுங்க. பலகதானுங்க" என்றான். ஊரார் மாலையோடு நிற்கிறார்கள். பிள்ளை கை கூப்பி நிற்கிறான். பெட்டியைத் திறந்து பார்த்துப் பெறுவதற்கு, 'ஓபன் டெலிவரி' என்று சரக்கு வணிகத்தில் சொல்வார்கள், நமக்கு உரிமை உண்டு. அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று கேட்டிருப்போமா என்பது ஐயமே. கையொப்பமிட்டோம். அவன் நம் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனான். அன்று இரவு நிம்மதியாக உறங்கினோம். ஓர் ஏழைக்கு உதவிய நிறைவு.

ஒன்பதாம் நாள் ஒருவர் வந்தார். ஊர்க்காரர், முப்பது ஆண்டுகள் கப்பல்களில் எஞ்சின் அறை ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். தென்னந்தோப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மேலே பார்த்தார், தேங்காய்க் குலைகள் தொங்கின. கீழே பார்த்தார், பெட்டி மணலில் ஒரு பக்கம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஃபாதரே, பெட்டியப் பாத்தியளா, பொருளப் பாத்தியளா?"

கடப்பாரையால் பலகைகளைப் பெயர்த்தார். இத்தகைய இயந்திரங்களின் வயிற்றுக்குள் காற்றும் ஈரமும் புகாதிருக்க, நைட்ரஜன் வாயுவைச் சிறு அழுத்தத்தில் நிரப்பி, எல்லா வாய்களையும் அடைத்து அனுப்புவது வழக்கம். அந்த அழுத்தத்தைக் காட்டும் அளவி ஒன்று மாட்டியிருக்கும். வந்த அன்றே முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். முள் ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டினால் உள்ளே எல்லாம் இறுக்கம். பூச்சியத்தில் கிடந்தால் எங்கோ வழி திறந்துவிட்டது. முள் பூச்சியத்தில் கிடந்தது. விளக்கைப் பிடித்துத் தடவித்தடவிப் பார்த்தார். எண்ணெய்ப் பம்பின் வார்ப்பிரும்பு மூடியில் மயிரிழை போன்றதொரு வெடிப்பு. பெட்டி சாய்ந்து எதிலோ இடித்த மூலைக்கு நேர் பின்னால் அது இருந்தது. ஒன்பது நாள் கடற்காற்று உள்ளே போய் வந்திருக்கிறது. தண்டின்மீது விரலால் தேய்த்துக் காட்டினார். செம்மண் போல ஒட்டியது.

உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினோம். தரை வழியே லாரியில் வரும் சரக்குக்கும் நம் நாட்டுக் காப்பீட்டில் 'மரைன்' என்றே பெயர்; கடலையே காணாத சரக்குக்குக் கடல் காப்பீடா என்று சங்கத்தார் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை. ரசீதில் சேதம் பற்றிய குறிப்பு உண்டா, லாரி நிறுவனத்தின் சேதச் சான்றிதழ் உண்டா என்ற இரண்டே கேள்விகள் வந்தன. முதலாவதற்கு விடையாக நம் கையொப்பமே இருந்தது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டவர் ஒன்பது நாள் கழித்துக் கெட்ட நிலை என்றால், இடையில் கெடுத்தவர் யார்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாமே அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தால் அப்படித்தான் கேட்டிருப்போம்.

பம்பை மாற்றவும் இயந்திரத்தைப் பிரித்துக் கழுவிக் கூட்டவும் அறுபத்தெட்டாயிரம். சங்கக் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். ஓட்டுநர் கெஞ்சியதையும் சொன்னோம். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. மீன் சுமந்து விற்கும் வயதான தாய் ஒருத்தி எழுந்து, "சாமி, அந்தப் புள்ளைக்கி எரக்கப்பட்டிய, சரி. எங்க காசுலயில்லா எரக்கப்பட்டிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கைச் சரிபார்ப்பவள் போலச் சொன்னாள். பிறகு வீட்டுக்கு வீடு பங்கு போட்டுத் திரட்டினார்கள். நாமும் நம்மால் இயன்றதைக் கொடுத்தோம். அது பம்பின் தபால் செலவுக்குக் காணும்.

அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பிய இரவு முதல்தான் பெற்றுக்கொள்ளுதல் என்பது ஒரு தனி வேலை என்பது மண்டையில் ஏறிற்று. வாங்குவது ஒரு வேலை. நிறுவுவது ஒரு வேலை. இவற்றுக்கு நடுவே பேரில்லாத வேலையொன்று இருக்கிறது. அதற்கு விழா இல்லை, கல்வெட்டு இல்லை. இயந்திரங்கள் பெரும்பாலும் சாவது அந்த இடைக்காலத்தில்தான் என்று ஃபிட்டர் சொல்லுவார்.

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டிடம் 1842இல் எதற்காகக் கட்டப்பட்டது என்பது நினைவுக்கு வருகிறது. ஐஸைச் சேமிப்பதற்காக. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் முதன்முதல் அனுப்பிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன்தான் கரையேறியது. நான்கு மாதப் பயணம், வழியில் நிலநடுக்கோடு. அத்தனையும் தாண்டி வந்ததைப் பாதுகாக்கத் தடித்த சுவர்களோடு வீடு கட்டினார்கள். சரக்கு வருமுன் அதை வைக்க இடம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனெனில் அவர்கள் சரக்கு கண்ணெதிரே உருகியது. நம் சரக்கோ உருகவில்லை. இரும்பு கெடுவது உருகுவதைப் போல ஓசையின்றித்தான் நடக்கிறது, தரையில் ஈரம் மட்டும் தெரிவதில்லை.

கட்டிடம் எழ எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதமும் ஃபிட்டர் வைத்ததே சட்டம். முதலில், தேங்காய் விழாத இடம். கருவாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. உப்பு ஊறிய சுவரென்று அதை ஒதுக்கினார். கோயிலுக்குக் கிழக்கே, கடலுக்குச் சற்று விலகியிருந்த பழைய மறைக்கல்விக் கொட்டகையில் சிமெண்டுத் தரை இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ரயில்வே சிலீப்பர் கட்டைகள் இட்டு, தரையில் படாமல் எல்லாவற்றையும் ஏற்றினோம். சிறுவர்களுக்கு வேறிடம் பார்த்தோம். வேப்பமரத்தடி அவர்களுக்குப் பிடித்தும் போயிற்று.

நாம் ஆர்வ மிகுதியால் பாலித்தீன் தாளை வாங்கிவந்து கம்ப்ரசரை இறுக்கச் சுற்றி வைத்திருந்தோம். மறுநாள் காலையில் அவர் வந்து தாளைத் தொட்டுக் காட்டினார்; உட்புறம் முத்துமுத்தாக நீர். பகல் வெப்பத்தில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, இரவின் குளிர்ச்சியில் தாளிலும் இரும்பிலும் படிந்து, வெளியேற வழியின்றி நிற்கிறது. "மூச்சு விடணும் ஃபாதரே" என்றார். மூங்கில் சட்டம் கட்டி, அதன்மேல் தார்ப்பாய் போர்த்தி, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டோம். வெடித்த மூடிக்குப் பதிலாக இரும்புத் தகட்டை வெட்டி, கேஸ்கட் வைத்து அடைத்தார். நாகர்கோவிலிலிருந்து நைட்ரஜன் சிலிண்டர் வரவழைத்து உள்ளே நிரப்பினார். அதன்பின் அளவியின் முள்ளைக் காலையும் மாலையும் பார்ப்பது நம் கடமையாயிற்று. பூசைக்குப் போகும் வழியில் ஒன்று, செபமாலை முடிந்து ஒன்று.

மோட்டாரின் கம்பிச் சுருளில் ஈரம் ஏறாதிருக்க, தார்ப்பாய்க்குள் துணி தொடாத தூரத்தில் அறுபது வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்தது. ஆளில்லாத கொட்டகைக்கு விளக்கெதற்கென்று கோயில்பிள்ளை மின்கட்டணச் சீட்டோடு நம்மிடம் வழக்குக்கு வந்தார். மின்பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்திருந்தோம். நீலமாக இருக்கும், ஈரம் குடித்தால் வெளிறி இளஞ்சிவப்பாகும், சட்டியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையற்கட்டுச் சட்டியில்தான் வறுத்துக்கொண்டிருந்தோம். நீலம் தருவது கோபால்ட் உப்பு என்றும், அது உடலுக்கு ஆகாதென்றும் பின்னரே அறிந்து, அந்தச் சட்டியைத் தூக்கியெறிந்தோம். இப்படித் தெரியாமலே நடந்து தப்பித்தவை பல.

மாதத்தின் முதற் சனிக்கிழமை கம்ப்ரசரின் தண்டைக் கையால் சுழற்ற வேண்டும். எண்ணெய் ஊற்றிவிட்டு, பெரிய கப்பியைப் பிடித்து நான்கு இளைஞர்கள் மெல்லச் சுற்றுவார்கள். இரண்டேகால் சுற்று. ஏன் அந்தக் கால்? முன்பு நின்ற இடத்திலேயே நின்றால் பேரிங்கின் ஒரே இடத்தில் பாரம் அழுந்தித் தடம் விழும். எண்ணெய்ப் படலமும் அந்த இடத்தில் வற்றிவிடும். ஆதலால் ஒவ்வொரு மாதமும் வேறிடத்தில் நிற்க வேண்டும். சாக்குக்கட்டியால் கோடிட்டு, நோட்டுப் புத்தகத்தில் தேதியும் எழுதிக் கையொப்பமிட்டோம். அந்த நோட்டில் நாம் பார்க்காமல் எழுதிய வரி ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் காத்துவிட்டோம் என்று கூற முடியாது. தகரக் கேன்களை இடம் மிச்சமென்று ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்தோம். ஜூன் மாதத்துச் சாரல் இடுக்குகளில் தேங்கி, துத்தநாகப் பூச்சு வெள்ளை மாவாகப் பூத்துவிட்டது. நாற்பது கேன்களைத் தேய்த்துத் துடைத்து மறுபூச்சுக்கு அனுப்பினோம். கால்சியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக் கரையும் பொருள். ஓட்டையான ஐந்து மூட்டைகள் கண்காணாமல் நீராகித் தரையில் ஓடின. நீண்ட உருளையின் குழாய் வாய் ஒன்றில் மூடி கழன்றிருந்தது. குளவி மண் பூசிக் குடும்பம் நடத்திவிட்டது. தெர்மோகோல் பலகைகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தன. ஒரு ஞாயிறு மாலை கரையில் நடந்தபோது காரணம் விளங்கியது: நம் மறைக்கல்விப் பிள்ளைகள் நால்வர், பலகைகளைக் கயிற்றால் பிணைத்து, அலைக்கு அப்பால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடிந்துகொள்ள வாய் வரவில்லை. சுனாமிக்குப் பின் ஓராண்டுக்கு மேலாகக் கடலில் கால் நனைக்க மறுத்த பிள்ளைகள் அவர்கள். ஃபிட்டரிடம் சொன்னபோது, "அத ரசீதுல எழுதாண்டாம்" என்றார்.

நவம்பரில் நிறுவிப் பார்த்தார்கள். புதிய பம்பு வேலை செய்தது. தண்டு வழுக்கிக்கொண்டு சுழன்றது. முதல் கட்டியைக் கேனிலிருந்து நழுவவிட்டபோது நடுவே வெள்ளைக் கோடு ஓட, ஓரமெல்லாம் கண்ணாடியாக இருந்தது. மீன் விற்கும் அந்தத் தாய் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

அந்த ஓட்டுநரைப் பற்றி இன்னும் முடிவுக்கு வர இயலவில்லை. உண்மையை எழுதியிருந்தால் அவனுக்கு ஒரு நடைக் கூலி போயிருக்கலாம். எழுதாததால் முந்நூறு குடும்பங்கள் கொடுத்தன. கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. எனினும் அவன் கை கூப்பி நின்றது அந்தக் கணக்குக்குள் வர மறுக்கிறது. அவனுக்கு நம் சட்டைப்பையிலிருந்து கூலியைக் கொடுத்துவிட்டு, ரசீதில் உள்ளதை எழுதியிருக்கலாம் என்பது தோன்றவே சில ஆண்டுகள் பிடித்தன.

2019இல், வேறொரு பங்கில் இருந்தபோது, பக்கத்து மருத்துவமனையொன்றுக்குக் குளிர்நீர் இயந்திரம் வந்தது. அருட்சகோதரிகள் நம்மையும் துணைக்கு அழைத்திருந்தார்கள். மாலையோடு சிலர் நின்றார்கள். சற்றுப் பொறுக்கச் சொன்னோம். ஓட்டுநர் நடுவயதினர். நேரமாகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினார். சாப்பிட்டு எத்தனை நேரமாயிற்று என்று கேட்டோம். முந்தின நாள் இரவு என்றார். சகோதரிகளின் சமையலறையில் இலை போடச் சொல்லிவிட்டு, அனுப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, லாரியிலிருந்து எதையும் இறக்குமுன்பே வில்லைகளைப் பார்த்தோம்; அளவியைப் படம் பிடித்தோம்; மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய பக்கத்தில் ஓரிடம் கையகலம் நசுங்கியிருந்தது. ஓட்டுநரை அழைத்துக் காட்டினோம். முகம் வாடியது. நசுங்கியதை நசுங்கியது என்று மட்டும் எழுதுகிறோம், யாரால் என்று எழுதவில்லை, நீங்களும் பார்த்து ஒப்பமிடுங்கள் என்றோம். நெடுநேரம் யோசித்துவிட்டு ஒப்பமிட்டார். பிறகு மீண்டும் இலைக்குச் சென்று, மோர் வாங்கிக் குடித்து, வராந்தாவின் சிமெண்டுத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். குறட்டை கேட்டது. நாம் நான்காவது பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.